அம்மாவின் மரண அறிவித்தலில் மருமகன் பேர்

அம்மா இறந்த காலை, ஜேர்மனியின் எசன் நகரில் அம்மா அப்பாவின் வீட்டில் கண்ணீர் காயுமுன்னரே மரண அறிவித்தல் எழுதும் வேலை தொடங்கிவிட்டது. எங்களுடைய ஆட்கள் உலகத்தின் எந்த மூலையில் இறந்தாலும் அறிவித்தல் இல்லாமல் போவதில்லை. படத்தோடு இணையத்தில் வரும். யாழ்ப்பாணத்தில் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் ஜேர்மனியை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கி, இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் தாயாரும், இன்னாரின் மாமியாரும் என்று இறங்கிக்கொண்டே போகும். செத்தவரின் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எல்லாரும் வாசிப்பது கீழே உள்ள பேர்களைத்தான். யாருடைய பிள்ளை யாரைக் கட்டியிருக்கிறது, யாருடைய பேர் விடுபட்டிருக்கிறது, பழைய கோபம் இன்னும் தீரவில்லையா என்று ஊரே அதில் துப்பறியும்.

அப்பா சோபாவின் விளிம்பில் இருந்தபடி தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் டுசல்டோர்ஃபில் இருந்து அறிவித்தல் போட்டுக்கொடுக்கும் ஒருவர். அம்மாவின் தாய் தகப்பன், சகோதரங்கள் எல்லாம் முடிந்து, ஒரே பிள்ளையான என் பேரும் வந்துவிட்டது. அடுத்து மருமகன் என்று அந்த ஆள் கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் ஒரு பேரைச் சொன்னார். அது என் கணவருடைய பழைய பேர்.

"அப்பா, அது இப்ப அவரின்ரை பேர் இல்லை" என்றேன்.

"பிறகு கதைப்பம் பிள்ளை."

"பிறகு என்னத்தைக் கதைக்கிறது? இப்பதானே போடப்போகினம்."

அப்பா தொலைபேசியை வாய்க்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனார். "நான் சொன்னதையே போடுங்கோ தம்பி."

என் கணவர் குசினியில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் விளங்காது. ஆனால் ஒரு மனிதன் கழற்றிப் போட்ட பேர் எந்த மொழிக்கு நடுவில் வந்தாலும் அவனுக்கு விளங்கும்தானே. கையில் தட்டத்தோடு வாசலில் நின்றார். பிறகு கோப்பைகளை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது முழுக்கப் பேரைப் பற்றிய கதை, ஆனால் இதில் ஒருவருடைய பேரும் வராது. என் கணவருடைய பேரைப் பலர் தங்கள் தங்கள் வசதிக்கு எடுத்துப் பாவித்துவிட்டார்கள். நானும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே காட்சிக்கு வைப்பதாக இல்லை.

அவர் கானாவில் குமாசி நகரில் பிறந்தவர். படிக்க வந்து, இங்கேயே டிராம் பணிமனையில் பொறியியலாளராகிவிட்டார். நான் அவரைக் கட்டப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. கதைத்த முதல் நாள் கேட்ட முதல் கேள்வி, "பேர் என்ன?"

சொன்னேன். அது ஞானஸ்நானத்தில் வைத்த பேர். எங்கள் ஊர்க் கடற்கரைப் பக்கம் எந்த மாதா கோயிலுக்குப் போய் அதைச் சத்தமாகக் கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். குடும்பப் பேரும் ஐரோப்பியப் பேர்தான். அவருடைய பாட்டனுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாயில் வந்ததை வைத்துவிட்டார்கள், அது பரம்பரையாக ஒட்டிக்கொண்டது. அப்பாவின் முகத்தில் அன்றைக்கு வந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன்.

"அப்ப வேதக்காரர்" என்றார். எங்களுடைய பேச்சில் அது கிறிஸ்தவர்களுக்கு உள்ள சொல்.

அந்த ஒரு பேரை வைத்து அப்பா ஒரு மாப்பிள்ளையையே கட்டி எழுப்பிவிட்டார். ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் பேரை மட்டும் சொன்னார். மிச்சத்தைப் பெரியப்பாவே சொல்லிக்கொண்டார். "மன்னார்ப் பக்கமோ?" அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அவையள் கன காலமா வெளியிலை அண்ணை" என்றார். ஆறடி இரண்டு அங்குல உயரமான ஒரு கானா நாட்டுக்காரரை மன்னார்க் கத்தோலிக்கராக ஊருக்குள் அனுப்பிவைத்தது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. என்றாலும் அந்தச் சோறு பல வருடம் தாக்குப்பிடித்தது. பெரியப்பாவுக்குக் கண் பார்வை மட்டு, படங்கள் பார்ப்பதில்லை. தெரிந்த மச்சான் மச்சாள்மாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது தெரிய வந்தபோது அப்பாவோடு பெரிய சண்டை பிடித்தேன்.

"நான் பொய் சொல்லேல்லையே. அவரின்ரை பேரைத்தானே சொன்னனான்" என்றார் அப்பா.

அம்மா இந்த விளையாட்டில் சேரவில்லை. அம்மாவுக்குப் பேர்களோடு வேறு கணக்கு இருந்தது. அம்மா வாழ்நாளில் ஒரு தடவையேனும் அப்பாவின் பேரை வாயால் சொன்னதில்லை. "இஞ்சேருங்கோ"தான். அப்படிப்பட்ட மனுசியை ஜேர்மனி என்ன செய்தது என்றால், அப்பாவின் பேரையே அம்மாவுக்குக் குடும்பப் பேராக எழுதிவிட்டது. வைத்தியரிடம் போனால் வரவேற்பில் இருக்கும் பெண் பேரைக் கேட்பாள். அம்மா வாய் திறவாமல் காப்புறுதி அட்டையை நீட்டுவா. டெர்மின் என்று இங்கே சொல்லும் முன்பதிவு எடுக்கத் தொலைபேசியில் அட்டையை நீட்ட முடியாதே, அதனால் அந்த வேலை சின்ன வயதிலிருந்து என்னுடையது. வந்த புதிதில் ஒருநாள் காத்திருக்கும் அறையில் மருத்துவத் தாதி, டொச் எனும் ஜேர்மன் மொழியில் திருமதிக்கு உள்ள "ஃபிராவ்" என்று தொடங்கி அப்பாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட, அம்மா எழும்பவே இல்லை. இந்த மனுசரைப் பேர் சொல்லிக் கூப்பிட இவளுக்கு என்ன துணிவு என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டா.

என் கணவரையும் அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல் நாளிலிருந்து "தம்பி." அந்த ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அவர் எந்த அறையில் இருந்தாலும் எழும்பி வருவார்.

திருமணமாகிச் சில வருடங்களில் குமாசியில் அவருடைய தகப்பனார் காலமானார். நாங்கள் இருவரும் போனோம். அங்கே சாவீடு என்றால் எங்களுடையதைவிடப் பெரிது. ஊர் முழுக்க அறிவித்தல். அதுவும் இணையத்தில் இல்லை, சுவரில். கதவளவு அச்சடித்த சுவரொட்டி, நடுவில் செத்தவரின் படம், கீழே பிள்ளைகள், சகோதரங்கள், சம்பந்தி வீட்டார் என்று வரிசையாகப் பேர்கள். கறுப்பும் சிவப்பும் உடுத்த சனம் அதற்கு முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தது. நம்முடைய ஆட்களைப்போல விரலால் தேடித் தேடித்தான் வாசித்தார்கள். அழவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு சிரிப்பு நின்றது. சம்பந்தி வீட்டார் என்ற இடத்தில் என் அப்பாவின் பேர் இருந்தது. முழுப் பேர். தகப்பன் பேரும் தன் பேருமாக, ஒரு எழுத்தும் குறையாமல் நீட்டுக்கு ஒரு வரி. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர் என் கணவரின் அக்கா தொலைபேசி எடுத்து என்னிடம் எழுத்தெழுத்தாகக் கேட்டு வாங்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பா இங்கே பாண் சுடும் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவர். முதல் நாளே மேற்பார்வையாளன் அவருடைய பேரின் முதல் இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டான். ஓய்வு பெற்ற நாளில் வெட்டிய கேக்கிலும் அந்த இரண்டு எழுத்துத்தான். அந்தப் பேர் முழுதாகக் குமாசியில் ஒரு பஸ் தரிப்பிடச் சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

என் கணவருக்கு அந்தச் சாவில் வேறொன்று நடந்தது. பாதிரியார் மூத்த மகனை முன்னுக்கு வரச்சொல்லி ஞானஸ்நானப் பேரைச் சொன்னார். தகப்பன் வழிப் பெரியவர்கள் யாரது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தப் பேரில் யாரையும் தெரியாது. பிறந்த எட்டாம் நாள் தகப்பன் அவரை மடியில் வைத்து, நாக்கில் முதலில் தண்ணீரும் பிறகு மதுவும் தொட்டு வைத்து, தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்லு, மதுவை மது என்று சொல்லு என்று அறிவுரை சொல்லி வைத்த பேர் வேறு. பிறந்த கிழமை நாளின் பேர் ஒன்று, பூட்டனாரின் பேர் ஒன்று, இரண்டும் சேர்ந்தது.

"என் அப்பாவின் பெட்டிக்கு முன்னால் நான் வேறு யாரோவாக நின்றேன்" என்று விமானத்தில் சொன்னார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்ததும் பேரை மாற்றும் வேலையில் இறங்கினார். தூதரகம், பதிவு அலுவலகம், மறுபடி தூதரகம் என்று இழுபட்டு ஒருவழியாக முடிந்தது. வேலைத்தலத்தில் ஒருவன், "பழைய பேர் எவ்வளவு சுகம், எங்களுக்காக அதை வைத்திருக்கலாமே" என்றானாம். கதையைக் கேட்டு நான் கொதித்தேன். அவர் சிரித்துக்கொண்டு, "அவன் பரவாயில்லை, நேராகக் கேட்டான்" என்றார். மன்னார்க் கதை அவருக்கும் தெரியும், அந்த நேர் என்ற சொல் யாருக்கு என்று எனக்கு விளங்கியது.

அப்பாவிடம் சொன்னோம். அப்பா கொஞ்ச நேரம் தொலைக்காட்சியைப் பார்த்தார். அது நிற்பாட்டிக் கிடந்தது.

"அந்தப் பேர் என்ரை வாயிலை வராது பிள்ளை. வயது போயிட்டுது. பழைய பேருக்கு என்ன குறை? எல்லாருக்கும் பழகின பேர்."

அம்மா மட்டும் வந்து பக்கத்தில் இருந்து பேருக்கு என்ன கருத்து என்று கேட்டா. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளை என்று நான் மொழிபெயர்த்தேன்.

"வெள்ளிக்கிழமையோ! அது அம்பாளின்ரை நாளெல்லே!" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டா. ஊன்ட்றொப்பில் உள்ள அம்பாள் கோயிலுக்கு ஒவ்வொரு ஆடிவெள்ளிக்கும் போகிற மனுசி. "திருப்பிச் சொல்லும் தம்பி" என்றா. அவர் திருப்பிச் சொன்னார். அம்மா உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு கேட்டா, வாயால் சொல்லவில்லை. அடுத்த கிழமையிலிருந்து ஒரு புதுச் சட்டம் வந்தது. பேரிலேயே வெள்ளிக்கிழமை இருக்கிற ஆள் வெள்ளியில் மச்ச மாமிசம் தின்னக்கூடாது. வேலை முடிந்து வருகிற வழியில் அவர் அம்மாவிடம் மரக்கறிச் சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு வருவார். ஆட்டிறைச்சி என்றால் உயிரை விடுகிற மனிதர், மாமிக்காக வெள்ளிதோறும் பருப்பும் கத்தரிக்காயும் தின்றார்.

"நீங்களாவது அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாமே அம்மா" என்று ஒருநாள் கேட்டேன்.

"மரியாதையான ஆக்களின்ரை பேரை ஆரும் சும்மா வாயாலை சொல்லுறதே?" என்று என்னையே கடிந்தா. பிறகு போய் விளக்கேற்றினா. வெள்ளிக்கிழமைகளில் விளக்கின் முன்னால் நின்று அம்மா நெடுநேரம் முணுமுணுப்பா. என்னம்மா அவ்வளவு கதை என்று கேட்டால், உனக்கு விளங்காது என்பா.

குமாசியிலிருந்து நான் ஒரு சுவரொட்டியைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தேன். அப்பாவுக்குக் காட்டத்தான். ஆனால் பேர் மாற்றும் கதை வந்து, அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ள, எனக்கும் கோபம் ஏற, அது எங்கள் அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. பிறகு அம்மாவுக்கு வருத்தம் வந்தது, அந்த நோய் ஒருவருக்கும் வேறு நினைப்புக்கு இடம் தரவில்லை.

அம்மா இறந்த அன்று மத்தியானமே அறிவித்தல் இணையத்தில் வந்துவிட்டது. என் கணவருக்குத் தமிழில் இரண்டு பேர்களை மட்டும் வாசிக்கத் தெரியும், என்னுடையதும் தன்னுடையதும். புதுப் பேர் கைக்கு வந்த நாளில் அதைத் தமிழில் எழுதித் தரச்சொல்லிப் படம் கீறுவதுபோலப் பழகியிருந்தார். அன்றைக்கு அவர் கைபேசியில் மேலிருந்து கீழாக மெதுவாகத் தேடினார். என் பேர் வந்த இடத்தில் விரல் நின்றது. அதற்குக் கீழே போனது. மறுபடியும் மேலே வந்தது.

"நான் எங்கே?" என்று கேட்டார்.

பழைய பேர் இருக்கும் இடத்தைக் காட்டியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "நீங்கள் இல்லை" என்றேன்.

அவர் தலையாட்டினார். மூன்றாம் நாள் இறுதிக்கிரியையில் பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியவர் அவர்தான். கறுப்புத் துணி உடுத்து, தன் தகப்பனுக்கு நின்ற மாதிரியே நின்றார். லண்டனில் இருந்தும் பாரிஸில் இருந்தும் வந்தவர்கள் கையைப் பிடித்துத் துக்கம் விசாரிக்கும்போது அறிவித்தலில் படித்த பேரைச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் நன்றி சொன்னார், ஒருவரையும் திருத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது. என் தாயின் பெட்டிக்கு முன்னாலும் அவரை வேறு யாரோவாக நிற்க வைத்துவிட்டோம். அம்மாவுக்காக அழுதேனா, அதற்காக அழுதேனா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியாது.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்து உறவினர் எல்லாரும் புறப்பட்ட பின் நான் சுவரொட்டியை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். சாப்பாட்டு மேசையில் விரித்து, சுருளாமல் இருக்க ஒரு மூலையில் உப்புப் போத்தலையும் மறு மூலையில் ரிமோட்டையும் வைத்தேன்.

"வாசியுங்கோ" என்றேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டார். சம்பந்தியின் படத்தைப் பார்த்தார். பிறகு எல்லாரும் செய்வதைச் செய்தார், விரலை வைத்துப் பேர்களில் இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதை ஆர் போட்டது?"

"அவரின்ரை அக்கா."

"என்னட்டைக் கேக்கேல்லையே."

"என்னட்டைக் கேட்டவ. ஒவ்வொரு எழுத்தாக் கேட்டு, திருப்பிச் சொல்லிச் சரி பார்த்தவ. அந்த ஊரிலை உங்களை ஒருத்தருக்கும் தெரியாது. இது ஆரின்ரை பேர், என்ன நிறம், எந்தப் பகுதி எண்டு எத்தினை பேர் கேட்டிருப்பினம்? அந்த வீட்டுக்காரர் உங்களை வேறை ஆளாக்கிப் போடேல்லை."

அப்பா தன் பேரை உள்ளங்கையால் தடவினார், கடதாசியில் இருந்த சுருக்கத்தை எடுப்பவரைப்போல. "முழுக்கப் போட்டிருக்கினம்" என்றார். எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. உடனேயே அவருடைய குரல் உயர்ந்தது.

"உனக்கென்ன தெரியும்? ஊர் வாயை மூட உலைமூடி இருக்கோ? இவ்வளவு காலமும் மன்னாரெண்டு இருந்த பெரியப்பாவுக்கு இப்ப நான் என்ன சொல்லுறது? வேண்டுமெண்டோ பேரைப் போடாமல் விட்டனான்? அந்தப் பேர் என்ரை வாயிலை வராது!"

"வராட்டி விடுங்கோ" என்று சொல்லிக் கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். சுவரொட்டியை எடுக்கவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு மறுபடியும் ஓர் அறிவித்தல் உண்டு, நினைவஞ்சலியும் நன்றி நவிலலும். அதற்குச் சில நாள் முன்னதாக அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு இருவருமாகப் போயிருந்தோம். சாப்பாட்டு மேசையில் சுவரொட்டி அப்படியே விரித்துக் கிடந்தது. அதற்கு மேலேயே அப்பா தட்டை வைத்துச் சாப்பிட்டிருக்கிறார், அப்பாவின் பேரின் பக்கத்தில் ஒரு குழம்புப் பொட்டு. நாங்கள் இருக்கும்போதே டுசல்டோர்ஃப் ஆள் எடுத்தார்.

"எல்லாப் பேரும் போன முறை மாதிரித்தானே அண்ணை?" என்று ஸ்பீக்கரில் கேட்டார்.

"இல்லை. மருமோன்ரை பேர் மாறுது. எழுதுங்கோ."

அப்பா இப்போது என்னைப் பார்ப்பார், பேரைச் சொல்லித் தரச்சொல்லிக் கேட்பார் என்று நான் முன்னுக்கு நகர்ந்தேன். அப்பா யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முதலில் வெள்ளிக்கிழமைப் பேர், அடுத்து பூட்டனாரின் பேர், தட்டுத் தடுமாறாமல் சொன்னார். எனக்கே இன்னும் சரியாக வராத ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என் கணவர் குழாயைப் பூட்டினார்.

தொலைபேசியை வைத்த பிறகு கேட்டேன். "வாயிலை வராது எண்டனீங்கள்?"

அப்பா சுவரொட்டியின் ஓரத்தைச் சுருட்டினார், விரித்தார்.

"கொம்மா வெள்ளிக்கு வெள்ளி விளக்கு வைக்கேக்கை சொல்லுறவ. முதல் உன்ரை பேர், பிறகு அவரின்ரை பேர். நீங்கள் இல்லாத நேரத்திலை சத்தமாத்தான் சொல்லுறவ, நான் இஞ்சை இருந்து கேக்கிறனான். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம்."

அப்படியென்றால் அம்மா இறந்த காலையிலும் அந்தப் பேர் அப்பாவின் வாயில் தயாராக இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் மற்றதைச் சொல்லியிருக்கிறார். எனக்கு எழும்பி அவரைக் கட்டிப்பிடிக்கவும் இருந்தது, மேசையைக் கவிழ்க்கவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. முதல் அறிவித்தல் இன்னும் இணையத்தில் இருக்கிறது. அம்மாவின் பேரைத் தேடினால் அதுதான் முதலில் வரும்.

என் கணவர் ஈரக் கையோடு வந்து, அப்பா என்ன சொன்னார் என்று டொச்சில் கேட்டார். அம்மாவின் வாயால் தன் பேரை ஒருநாளும் கேட்காத மனிதர். அப்பா சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

"ஒவ்வொரு வெள்ளியுமா?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு வெள்ளியும்" என்றேன். அவர் அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, முகத்தைக் குசினித் துணியால் மூடிக்கொண்டு அழுதார்.